கொச்சியில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். ஞாயிற்றுக்கிழமை ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். கரையோரச் சீன மீன்பிடி வலைக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ, ஒரு காபி, அதோடு திரும்பிவிடாதே. மட்டாஞ்சேரி வரைக்கும் போனால்தான் அந்த ஊரைப் பார்த்த மாதிரி.

எறணாகுளம் ஜெட்டியில் காலையிலேயே படகு ஏறிவிடு. வெயில் ஏறினால் நடக்க முடியாது. புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறைக் கல் இருக்கிறது. 1524-இல் கொச்சியில் இறந்தவரை முதலில் அங்கேதான் புதைத்தார்கள், பிறகு போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

அப்புறம் டோபி கானா என்கிற சலவைக் கூடத்துக்கு ஆட்டோ பிடி. இதை மட்டும் விட்டுவிடாதே. டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து அழைத்துவந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்னும் அங்கே துவைக்கிறார்கள். ஆளுக்கொரு தொட்டி, ஒரு கல். துணி காயப்போடும் கொடியைக் கிட்டப்போய்ப் பார். கிளிப்பே கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் சொருகிவிடுகிறார்கள். கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் துணி படபடக்குமே தவிர விழாது. கஞ்சி போட்டுக் கரி இஸ்திரிப் பெட்டியில் தேய்த்த வேட்டியையும் பார். அவர்களிடம் தமிழிலேயே பேசு, சந்தோஷப்படுவார்கள். கேட்காமல் மட்டும் போட்டோ எடுக்காதே. அது அவர்கள் பிழைக்கும் இடம்.

மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு அரண்மனை என்பார்கள். ஆனால் கொச்சி ராஜாவுக்காக அதைக் கட்டியவர்கள் போர்த்துகீசியர். டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது. உள்ளே சுவரெல்லாம் ராமாயணம். அவசரப்படாமல் பார். அரண்மனைக் கோயிலை ஒட்டியே ராஜா கொடுத்த நிலத்தில், 1568-இல் கட்டிய யூதர்களின் ஜெபாலயம். சனிக்கிழமை திறக்கமாட்டார்கள், நீ ஞாயிறு போவதால் கவலையில்லை. தரையில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. 1662-இல் போர்த்துகீசியர் அதைச் சேதப்படுத்தியும் யூதர்கள் ஊரை ஒரேயடியாக விட்டுப் போகவில்லை. இஸ்ரேல் உருவான பிறகுதான் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போனார்கள். இப்போது அவர்கள் இருந்த தெரு முழுக்கக் கடைகள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கோவாவில் போர்த்துகீசியரின் கெடுபிடி தாங்காமல் வந்த கொங்கணி பேசுகிறவர்களின் திருமலைக் கோயிலும், வியாபாரத்துக்கு வந்து தங்கிவிட்ட குஜராத்திகளின் தெருவும் பக்கத்திலேயே இருக்கின்றன. கால் வலிக்காவிட்டால் அங்கேயும் போய் வா. மதியச் சாப்பாட்டை குஜராத்தித் தெருவிலேயே முடித்துக்கொள்ளலாம்.

வருகிறபோது பஜார் ரோட்டில் அம்மாவுக்குக் கால் கிலோ மிளகு வாங்கு. ஒரு மிளகைக் கடித்துப் பார்த்துவிட்டு வாங்கு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள். ரூமுக்குப் போனதும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா