சிறுவர் நூதனசாலைக்கு முதலில் வேண்டியது பட்டறை

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் சிறுவர் நூதனசாலை ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் காணி எங்கே, கட்டிடத்துக்கு எத்தனை கோடி, அடிக்கல் யார் நடுவது என்பதிலேயே அது முடிந்துவிடுகிறது. இந்த வகை நூதனசாலைகள் பிற நாடுகளில் கட்டிடத்தால் வளரவில்லை.

உலகின் முதலாவது சிறுவர் நூதனசாலை 1899 டிசம்பரில் நியூயோர்க்கின் புரூக்ளினில், பூங்காவொன்றில் இருந்த பழைய மாளிகையில் திறக்கப்பட்டது. பிள்ளைகள் பொருட்களைத் தொட்டும் எடுத்தும் பழக வேண்டும் என்று அங்கே நெடுங்காலம் பாடுபட்டவர் அன்னா பில்லிங்ஸ் கல்லப். அந்த நூதனசாலைக்கென்றே ஒரு புதிய கட்டிடம் எழுந்தது 1977இல்தான். பொஸ்டனில் 1913இல் விஞ்ஞான ஆசிரியர்கள் தொடங்கிவைத்த சிறுவர் நூதனசாலையை 1962இல் பொறுப்பேற்ற மைக்கேல் ஸ்பொக் மாற்றியமைத்தார். அன்றாடப் பொருட்களைக் குறுக்கே வெட்டி உட்புறத்தைக் காட்டினார். பாடசாலைகளுக்குப் பெட்டி பெட்டியாகக் காட்சிப்பொருட்கள் போயின. 1979இல் அந்த நூதனசாலை துறைமுகத்துப் பழைய பண்டகசாலைக்குக் குடிபெயர்ந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 1969இல் பிராங்க் ஒப்பன்ஹைமர் தொடங்கிய விஞ்ஞானக் கூடத்தில் காட்சிப்பொருட்களைச் செய்யும் பட்டறையே பார்வையாளர் கண்ணெதிரில் இருந்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

இங்கே தேயிலை இயந்திரங்களைக் காண ஹந்தானையில், 1925இல் கட்டிய பழைய ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்), தேயிலை நூதனசாலை இருக்கிறது. தொழிலாளர் வாழ்வைக் காணக் கம்பளைக்கு அருகே லயத்திலேயே (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பிலேயே) ஒரு காட்சியகம் உண்டு. இரண்டும் பயனுள்ளவை, ஆனால் சிறுவரை மனதில் வைத்து அமைத்தவை அல்ல.

பிள்ளைகளுக்கு எதை வைக்கலாம்? ஒரு கிலோ பச்சைக் கொழுந்து, பக்கத்தில் ஏறக்குறைய 215 கிராம் தேயிலைத் தூள், அதன் பக்கத்தில் 785 மில்லிலீற்றர் தண்ணீர் நிரப்பிய போத்தல். கொழுந்தை வாட்டும்போதும் அடுப்பில் உலர்த்தும்போதும் போன நீர் இவ்வளவு என்று பிள்ளை தூக்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளும். கொழுந்து மறுநாளே கருகும். அதனால் பச்சைத் துணியில் தைத்த இலைகளை மணலோடு சேர்த்துச் சரியாக ஒரு கிலோவாகப் பையிலிட்டு வைப்பது நல்லது. அடுத்தது தராசு. 5 கிலோவுக்கு மேற்படாத மூடையைப் பிள்ளையே கொக்கியில் மாட்டி நிறுத்து, சாக்கின் நிறையைக் கழித்துக் கணக்கெழுத வேண்டும். (தராசடிக் கணக்கு பெரியவர்களுக்கும் உதவும்.) மட்டக்கம்பு (கொழுந்து பறிக்கும் மட்டத்தைப் பார்க்கும் கம்பு), படங்கு (பறிப்பவர் இடுப்பில் கட்டும் சாக்கு), கூடை எல்லாம் கையில் எடுக்கக் கிடைக்கட்டும்.

பழுதாவது பெரும்பாலும் கைப்பிடி சுற்றும் பொருள்தான். சிறுவர் அதைப் பின்பக்கமாகவும் சுற்றுவார்கள், அப்போது சாதாரண நட் தளர்ந்து கழன்றுவிடும். நைலோன் வளையம் உள்ள பூட்டு நட் போட வேண்டும். கைப்பிடிக்கும் பல்சக்கரத்துக்கும் இடையில் வேண்டுமென்றே பலவீனமான ஓர் ஊசியைச் செருகினால், யாராவது தொங்கும்போது ஊசி மட்டும் முறியும், சக்கரம் தப்பும். உதிரி ஊசிகளைக் கைவசம் வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

மலையகத்து ஈரம் இன்னொரு எதிரி. மழை மாதங்களில் அமுக்கிய மரத்தூள் பலகை ஊதிப் பிளக்கும், சாதாரண ஆணி துருப்பிடிக்கும். நீர்தாங்கும் ஒட்டுப்பலகையும் துருவேறாத திருகாணியும் விலை கூடியவைதான், ஆனாலும் அவற்றில் சிக்கனம் பார்க்கக்கூடாது. விளக்கத்தாளை லமினேட் செய்தபின் பலர் காகிதத்தின் விளிம்போடு ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். அங்கேதான் ஈரம் நுழைந்து, ஓரம் பழுத்து, எழுத்தும் பரவும். சுற்றிலும் குறைந்தது 5 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் விளிம்பு விட்டு வெட்ட வேண்டும். பஞ்சடைத்த பறவை, விலங்குகளை நன்கொடையாகத் தர ஆட்கள் வருவார்கள், வாங்காதிருப்பதே மேல். பூஞ்சணமும் வண்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும்.

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு மேசை உயரம் 60 முதல் 65 சென்ரிமீற்றர் போதும். 8க்கும் 25க்கும் இடைப்பட்ட மில்லிமீற்றர் துளை விரலைச் சிக்கவைக்கும். ஒன்றில் அதைவிடச் சிறிதாக்குங்கள், இல்லையேல் பெரிதாக்குங்கள். மின்சாரம் 12 வோல்ற்றுக்கு மேல் பிள்ளை கை எட்டும் இடத்தில் வரக்கூடாது. விளக்கம் மூன்று மொழியிலும், ஒவ்வொன்றிலும் முப்பது சொல்லுக்குள்.

தொடங்குவதற்கு மூடிக் கிடக்கும் ஸ்டோர் ஒன்றில் ஓர் அறை போதும். அதிலும் பாதி பட்டறையாக இருக்கட்டும். டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்துத் தோட்டப் பாடசாலைகள் ஹட்டனுக்கு பஸ் பிடித்து வருவதைவிட, பொஸ்டனில் போல காட்சிப்பொருட் பெட்டிகள் அங்கே போவது செலவு குறைவு. பெட்டி பத்துக் கிலோவைத் தாண்டினால் ஆசிரியர் தூக்கமாட்டார். மூடியின் உட்புறத்தில் எல்லாப் பொருட்களையும் அடுக்கி எடுத்த படத்தை ஒட்டிவிட்டால், எது காணாமற் போனது என்பது திரும்பி வந்த உடனேயே தெரியும். காணாமற் போகும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆகவே ஒவ்வொன்றிலும் மூன்று செய்து வைக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்ய முழுநேரத் தச்சரோ பொருத்துநரோ ஒருவர் வேண்டும். அவருடைய சம்பளத்துக்கு வரவுசெலவுத் திட்டத்தில் இடம் இல்லாத எந்தத் திட்டத்துக்கும் நகர சபையோ பிரதேச சபையோ அடிக்கல் நடக்கூடாது என்பதே எங்கள் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர்,
ஹட்டன்.