அலாஸ்கா வனவிடுதி: மைல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த அலாஸ்கா கப்பல் சுற்றுலாக் கட்டுரையை நானும் என் மனைவியும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் பிடுங்கிப் படித்தோம். பனிப்பாறை உடைந்து கடலில் விழும் ஓசை முதல் கப்பலின் எந்தத் தளத்தில் பால்கனி அறை எடுக்கலாம் என்பது வரை விரிவாக எழுதிய கட்டுரையாளர், கப்பலை விட்டு இறங்கிய பின் உள்நாட்டில் கழிக்கும் நான்கைந்து நாட்களை "பிறகு அழகிய வனவிடுதிகளில் தங்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 2024 ஜூன் மாதம் அதே பயணத்தைச் செய்து வந்தவன் என்ற முறையில், எங்களுக்கு நேர்ந்த ஏமாற்றம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள்தான் இருந்தது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சியாட்டிலில் பணிபுரியும் என் மகனும் மருமகளும் உடன் வர, நாங்கள் நால்வரும் கனடாவின் வான்கூவரில் கப்பலேறி, கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே வழியாக ஏழாம் நாள் இரவைக் கடந்து அலாஸ்காவின் விட்டியர் துறைமுகத்தில் இறங்கினோம். சியாட்டிலிலேயே ஏறியிருக்கலாமே என்று பலரும் கேட்டார்கள். வெளிநாட்டுக் கொடியுடைய கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போவதை 1886ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தடுக்கிறது. ஆகவே சியாட்டிலில் கிளம்பும் கப்பல்கள் சுற்றிவிட்டுச் சியாட்டிலுக்கே திரும்புகின்றன. உள்நாட்டுப் பயணத்தையும் சேர்த்துக்கொள்ள நினைப்பவருக்கு வான்கூவர்தான் வழி. இந்தியக் கடவுச்சீட்டில் சுற்றுலா விசாவோடு செல்லும் பெற்றோருக்கு அமெரிக்க விசாவுடன் கனடா விசாவும் வேண்டும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி விடுதிக்கு வருகிறேன். சென்னையில் எங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்த பயண முகவர், தரைவழிப் பகுதியில் மூன்று இரவுகளைக் காட்டினார். முதல் இரவு மெக்கின்லி என்ற மலையின் பெயரைத் தாங்கிய ஒரு வனவிடுதி, இரண்டாம் இரவு டெனாலி தேசியப் பூங்காவின் பெயரைத் தாங்கிய இன்னொன்று, மூன்றாம் இரவு ஃபேர்பேங்ஸ் நகரம். எங்கள் வயதுக்கு ஒரே இடத்தில் இரண்டு இரவாகத் தங்க முடியாதா என்று கேட்டதற்கு, "இரண்டும் டெனாலிதான் சார், பக்கத்துப் பக்கத்தில்தான்" என்றார். வரைபடத்தை விரித்துப் பார்க்கத் தோன்றாதது எங்கள் தவறு.

அந்த மலைக்குப் பெயரே ஒரு குழப்பம். கோயுகான் பழங்குடியினரின் மொழியில் 'உயர்ந்தது' என்று பொருள்படும் டெனாலி என்ற பெயரை 2015இல் அமெரிக்க அரசு அதிகாரபூர்வமாக்கியது. 2025 ஜனவரியில் மீண்டும் மெக்கின்லி என்று மாற்றியது. பூங்காவின் பெயர் மட்டும் டெனாலியாகவே இருக்கிறது. எனவே கையேடுகளில் மெக்கின்லி என்ற பெயரில் ஒரு விடுதியும் டெனாலி என்ற பெயரில் ஒரு விடுதியும் இருந்தால், இரண்டும் ஒரே மலையடிவாரத்தில் அடுத்தடுத்த தெருவில் இருப்பதாகவே நமக்குத் தோன்றும். உண்மையில் ஒன்று மலைக்குத் தெற்கே, மற்றது பூங்காவின் வாசலில், மலைக்கு வடகிழக்கே இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க அலாஸ்காவில் மிக எளிய வழி ஒன்று உண்டு. அங்கே ஊருக்கு வெளியே உள்ள கட்டடங்களுக்குக் கதவு எண் சொல்லும் வழக்கம் குறைவு; நெடுஞ்சாலையின் மைல் எண்ணைத்தான் சொல்வார்கள். ஆங்கரேஜ் நகரிலிருந்து வடக்கே ஃபேர்பேங்ஸுக்குச் செல்லும் சாலைக்கு ஜார்ஜ் பார்க்ஸ் நெடுஞ்சாலை என்று பெயர். (தேசியப் பூங்கா இருப்பதால் 'பார்க்ஸ்' என்று பெயர் வந்தது என நான் நினைத்திருந்தேன், அது பழைய ஆளுநர் ஒருவரின் பெயராம்.) ஆங்கரேஜிலிருந்து எண்ணிக்கொண்டு போனால், தெற்கு விடுதி சுமார் 133ஆவது மைலிலும் பூங்கா வாசல் 237ஆவது மைலிலும் இருக்கின்றன. இடையே 104 மைல், அதாவது ஏறக்குறைய சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் உள்ள தூரம். பேருந்தில் இரண்டு மணி நேரம் ஆகும். 'பக்கத்துப் பக்கத்தில்' என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு போலும்.

தெற்கு விடுதியின் பெருமை, தெளிவான நாளில் அதன் மரமேடையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபடியே மலையைப் பார்க்கலாம் என்பது. ஆனால் அங்கிருந்து பூங்காப் பேருந்தில் ஏற முடியாது. வாசல் விடுதியின் நிலை நேர்மாறானது: காலை உணவு முடித்ததும் பூங்காவுக்குள் நுழைந்துவிடலாம், ஆனால் அங்கிருந்து மலை தெரியாது. பூங்காச் சாலையில் ஒன்பது, பத்து மைல் உள்ளே போன பிறகே, வானமும் ஒத்துழைத்தால், முதல் தரிசனம். 20,310 அடி உயர மலை ஒன்று வாசலிலிருந்து கண்ணுக்குப் படாது என்பதை நேரில் போகும்வரை நான் நம்பியிருக்க மாட்டேன். 'வனவிடுதி' என்ற பெயரைக் கேட்டு அடர்ந்த காட்டுக்குள் தனித்த மரவீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூங்கா வாசலை அடுத்துள்ள பெரிய விடுதிகள் நூற்றுக்கணக்கான அறைகள் கொண்டவை. சாலைக்கு இருபுறமும் பீட்சாக் கடை, பனியன் விற்கும் கடை, படகுச் சவாரிக்கு ஆள் சேர்க்கும் கூடாரம் என்று கோடைக்கால ஊர் ஒன்றே எழுந்து நிற்கிறது. முதுமலை என்று சொல்லிவிட்டு மசினகுடிக் கடைத்தெருவில் அறை கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

தெற்கு விடுதியை நாங்கள் அடைந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மலை இருக்க வேண்டிய திசையில் சாம்பல் நிறத் திரையைத் தவிர வேறில்லை. பூங்காவுக்கு வருகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கே மலை காட்சி கொடுக்கும் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. இரவு பத்தே முக்காலுக்கு, அதாவது வெயில் இன்னும் இறங்காத இரவில், நடையில் யாரோ ஓடும் சத்தம் கேட்டு வெளியே வந்தோம். மேடை முழுவதும் இரவு உடையோடு மனிதர்கள், ஒருவரும் பேசவில்லை. மேகத்தின் கீழ்விளிம்பில்தான் மலை இருக்கும் என்று நான் தேடிக்கொண்டிருக்க, என் மனைவி என் முகவாயைப் பிடித்து மேலே திருப்பினாள். மேகத்துக்கும் மேலே, ரோஜா நிறத்தில், வானத்தின் ஒரு பகுதி என்றே நான் எண்ணியிருந்த இடத்தில் அது நின்றது. இருபது நிமிடம் இருந்திருக்கும். அதற்குள் கொசுக்கள் எங்கள் கணுக்காலை ஒரு வழி செய்துவிட்டன. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பைகளோடு பேருந்தில் ஏறியாக வேண்டியிருந்தது. அங்கே இரண்டாம் இரவு இருந்திருந்தால் இன்னொரு முறை பார்த்திருப்போமா என்பது தெரியாது, வாய்ப்பாவது இருந்திருக்கும்.

வாசல் விடுதியிலும் அதே கதை. பூங்காவுக்குள் செல்லும் ஒரே சாலையின் நீளம் 92 மைல். கோடையில் சொந்த வாகனங்கள் 15ஆவது மைல் வரையே போகலாம். அதற்கப்பால் பூங்காப் பேருந்துதான். நிலச்சரிவு ஒன்றால் 2021 ஆகஸ்ட் முதல் அந்தச் சாலை பாதியில், 43ஆவது மைல் அருகே, அடைபட்டிருந்தது. அதைக் கடக்கப் பாலம் கட்டும் வேலை நாங்கள் போனபோதும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் கட்டணத்தில் அடங்கியிருந்ததோ அந்த 43ஆவது மைல் வரை போகும் நீண்ட சுற்று அல்ல, சுமார் 30ஆவது மைலிலேயே திரும்பிவிடும் குறுகிய சுற்று. மூஸ் என்ற பெரிய மான் இனத்தில் ஒரு தாயும் கன்றும், தொலைவில் வெள்ளைப் புள்ளிகளாக டால் எனப்படும் காட்டு மலையாடுகள் சில, அவ்வளவே பார்த்தோம். கூடுதல் பணம் கட்டி நீண்ட சுற்றுக்கு மாறலாம் என்று சொன்னார்கள். ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்கே ஃபேர்பேங்ஸ் பேருந்து. ஓர் இரவுத் தங்கலில் மாற்றுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது? பூங்கா வாசலில் இரண்டு இரவு இல்லாத எந்தத் தொகுப்பையும் நான் இனி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே ஒரு நாள்தான் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் அதைக் கப்பலில் அல்ல, அங்கேதான் சேர்க்க வேண்டும்.

வயதானவர்களை அழைத்துச் செல்வோர் கவனிக்க வேண்டிய சிறிய விஷயங்கள் சில உண்டு. கப்பலில் உணவு கட்டணத்தில் அடங்கியது. விடுதிகளில் பெரும்பாலும் அடங்காது. ஏழு நாள் நினைத்தபோதெல்லாம் சாப்பிட்டுவிட்டு, எட்டாம் நாள் ஒரு தட்டு காய்கறிப் பாஸ்தாவுக்குப் பில் வரும்போது நெஞ்சு ஒரு முறை அடைக்கும். மருமகள் முன்யோசனையோடு கொண்டுவந்திருந்த புளிக்காய்ச்சலும் அப்பளமும் பெரிய பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பெட்டியோ எங்களுக்கு முன்பே நேராக ஃபேர்பேங்ஸுக்குப் போய்விட்டது. பெரிய பெட்டியை முன்கூட்டி அனுப்பிவிட்டு, விடுதிகளுக்குச் சிறிய பையோடு மட்டும் போவது அங்கே வழக்கம் என்பதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மாத்திரைகளையாவது கைப்பையில் வைத்திருந்தது என் மனைவியின் புண்ணியம்.

அறைகள் ஒரே கட்டடத்தில் இருப்பதில்லை; தனித்தனிக் கட்டடங்களாகச் சரிவில் பரவிக் கிடக்கின்றன. உணவகத்துக்கு அருகில், தரைத்தளத்தில் அறை வேண்டும் என்பதைப் பதிவின்போதே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். பூங்காப் பேருந்தில் கழிப்பறை கிடையாது. இடையிடையே ஓய்விடங்களில் நிறுத்துகிறார்கள். பூங்கா வாசல் 2,000 அடிக்கும் கீழேதான் இருக்கிறது என்பதால் லடாக் போன்ற மூச்சுத் திணறல் கவலை வேண்டியதில்லை. ஆனால் பெரிய மருத்துவமனைக்கு 120 மைல் தள்ளி ஃபேர்பேங்ஸுக்குத்தான் போக வேண்டும்.

டெனாலியை விட்டால் வேறு வனவிடுதியே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அவற்றைத்தான் முகவர்கள் சொல்வதே இல்லை. கீனாய் தீபகற்பத்தில் கூப்பர் லாண்டிங் என்ற சிற்றூரில் ஆற்றங்கரையில் ஒரு விடுதி, காப்பர் ஆற்றுப் பகுதியில் இன்னொரு விடுதி, இரண்டும் பிரின்சஸ் என்ற கப்பல் நிறுவனத்தினுடையவை. இரண்டிலும் எண்பது அறைகளுக்குச் சற்று மேல்தான். 'வனவிடுதி' என்ற பெயருக்கு ஓரளவு பொருந்துபவை இவையே. கீனாய் பக்கம் போனால் சால்மன் மீன்கள் ஆற்றில் எதிரேறுவதைக் காணலாம், சூவர்டு துறைமுகமும் அருகில். காப்பர் ஆற்று விடுதியிலிருந்து தெரிவது ராங்கல்-செயின்ட் எலியாஸ் பூங்காவின் பனிமலைகள். 132 லட்சம் ஏக்கர் பரப்புள்ள அதுதான் அமெரிக்காவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. டெனாலிப் பூங்காவைப் போல இரு மடங்குக்கும் மேல். 1938இல் மூடப்பட்ட கென்னிகாட் செம்புச் சுரங்கத்தின் சிவந்த மரக்கட்டடங்கள் அதற்குள்தான் நிற்கின்றன, ஆனால் அங்கே போக 60 மைல் சரளைச் சாலையைக் கடக்க வேண்டும். முதுகுவலிக்காரர்களுக்கு அது உகந்ததல்ல. டெனாலிப் பூங்காவின் உள்முனையான காண்டிஷ்னாவிலும் சில சிறு விடுதிகள் உள்ளன. சாலை அடைபட்ட பிறகு அவற்றுக்குச் சிறு விமானத்தில்தான் போக முடிந்தது. பணமும் துணிவும் இருப்பவர்களுக்கு அவை இருக்கட்டும்.

எல்லாவற்றையும் கப்பல் நிறுவனத்திடமே ஒப்படைக்காமல், கப்பலோடு நிறுத்திக்கொண்டு, ஆங்கரேஜில் வாடகைக் கார் எடுத்துத் தாமே போகலாம் என்பது என் மகனின் கட்சி. பூங்கா வாசலுக்கு 11 மைல் வடக்கே ஹீலி என்ற ஊரில் சமையலறையோடு கூடிய சிறு வீடுகள் கிடைக்கும், தயிர் சாதமாவது பிசைந்து சாப்பிடலாம் என்கிறான். கார் ஓட்டத் தெரிந்த பிள்ளைகள் உடன் இருந்தால் அது நல்ல யோசனைதான். ஆயினும் விட்டியரிலிருந்து வடக்கே கண்ணாடிக் கூரை ரயிலில் வந்த அந்த ஒரு பகலை, இரண்டரை மைல் நீளச் சுரங்கப்பாதையின் இருட்டிலிருந்து வெளியே வந்ததும் இருபுறமும் பளீரென்று நீரும் பனியும் விரிந்ததை, நான் எந்தக் காருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த வாரம் வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் குறிப்பிடப்போகும் ஒவ்வொரு விடுதியின் பெயருக்குப் பக்கத்திலும், படத்தைச் சற்றுச் சிறிதாக்கியாவது, அது எந்த நெடுஞ்சாலையின் எத்தனையாவது மைலில் இருக்கிறது, உணவு சேர்த்தியா, பூங்காச் சுற்று எத்தனையாவது மைல் வரை என்ற மூன்று விவரங்களையும் அச்சிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
நங்கநல்லூர், சென்னை.