எங்கள் அறிக்கைக்குப் பதில் எங்கே? தலைமைப் பயிற்சிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

இளம் நூலகர்களுக்கான தலைமைப் பயிற்சித் திட்டத்தின் மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

வணக்கம்.

அடுத்த பயிற்சி அணிக்கான குழுத் திட்டத் தலைப்புகளை அண்மையில் அறிவித்திருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் ‘அண்டைக் கிளை நூலகங்களுக்கிடையே நூல் சுழற்சி: ஒரு முன்மாதிரி’ என்ற தலைப்பும் இடம்பெற்றுள்ளது. இரண்டு அணிகளுக்கு முன்பு எங்கள் குழுவுக்கு நீங்கள் கொடுத்த தலைப்பும் இதுவேதான். நடுவிலுள்ள முக்காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. அந்தத் திட்டத்தை நாங்கள் செய்து முடித்தோம், அறிக்கை கொடுத்தோம், நிறைவு விழாவில் விளக்கப் பலகை வைத்து வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொன்னோம், உங்கள் கையால் சான்றிதழும் பெற்றோம். அதற்குப் பிறகு அந்த அறிக்கை ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, யாராவது பிரித்தாவது பார்த்தார்களா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதே வேலையை வேறு ஐந்து பேர் முதலிலிருந்து தொடங்கப் போகிறார்கள் என்பதை மட்டும் உங்கள் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

ஆகவே இம்மடலில் ஒரேயொரு கோரிக்கையை முன்வைக்கிறேன். முடிந்துபோன ஒவ்வொரு குழுத் திட்டத்துக்கும், ‘ஏற்கிறோம்’ என்றோ ‘ஏற்க இயலாது, காரணம் இது’ என்றோ, முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ள ஒருவர் கையொப்பமிட்ட பதிலை எழுத்தில் தாருங்கள்.

பயிற்சியின் பின்னணியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திட்டம் என்னவாக இருந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். சிறிய கிளை நூலகம் ஒன்றில் தொடர்ந்து படிக்கும் வாசகர், தம் விருப்பத்துக்குரிய அடுக்கை ஓரிரு ஆண்டுகளில் முடித்துவிடுகிறார். அதன்பின் செய்தித்தாள் பார்க்க மட்டும் வருகிறார். பிறகு அதற்கும் வருவதில்லை. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அடுத்த கிளையில், அவர் இதுவரை தொட்டிராத நூல்கள் அங்கே எடுப்பாரின்றித் தூசி படிந்து கிடக்கின்றன. மொத்தக் கொள்முதலில் வரும் புதிய நூல்கள் எல்லாக் கிளைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், சுழற்சிக்கு உதவுபவை பழைய இருப்பும் உள்ளூர் அன்பர்கள் கொடுத்த அன்பளிப்பு நூல்களும்தாம் என்பதை நாங்கள் பதிவேடுகளை ஒப்பிட்டுக் கண்டறிந்தோம். கிளைக்கு நாற்பது நூல்கள், ஒரு பெட்டி, பதிவு எண்ணுடன் இரண்டு நகல்களில் பட்டியல், கொடுப்பவரும் பெறுபவரும் இடும் கையொப்பம், மூன்று மாதத்தில் பெட்டி அடுத்த ஊருக்குப் போதல் என்பதே நாங்கள் வகுத்த முறை. எங்கள் சொந்தப் பொறுப்பில் அதை நடத்தியும் பார்த்தோம். நின்றுபோயிருந்த வாசகர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். மின்கட்டண ரசீதையே நூல் அடையாளமாகச் செருகி வைத்துப் படிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பெட்டி எப்போது மாறும் என்று என்னிடம் தேதி கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

இதில் புதுமை எதுவும் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுவட்டார ஊர்களுக்கு அனுப்பினார். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகவியலுக்கான தம் ஐந்து விதிகளை உலகுக்கு அளித்ததும் அதே ஆண்டில்தான். ‘ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்’ என்ற மூன்றாம் விதியை உங்கள் பயிற்சியின் முதல் வகுப்பில் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று ஒப்பித்தோம். அந்த விதியைக் கடைப்பிடித்த ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிக்கையின் பின்னிணைப்பில் எழுதியிருந்தோம். அதை யாரும் படித்ததாகத் தெரியாததால் இங்கே மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் குழுவில் இருந்த சகோதரி ஒருவரின் நூலகத்துக்குத் திட்டக் காலத்திலேயே இருப்புச் சரிபார்ப்பு வந்தது. அவர் எந்த மாவட்டத்தில், எந்த அலுவலகத்தின்கீழ் பணியாற்றுகிறார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் துன்பம் அவருக்குத்தான். சரிபார்ப்புப் படிவத்தில் ‘இருப்பில் உள்ளவை’, ‘இரவலில் உள்ளவை’, ‘காணாதவை’ என்று கட்டங்கள் உண்டு. ‘பக்கத்து ஊர் நூலகத்தில் உள்ளவை’ என்று ஒரு கட்டம் இல்லை. ஆகவே நாற்பது நூல்களும் காணாதவையாயின. கையொப்பமிட்ட பட்டியலை அவர் எடுத்துக் காட்டியபோது, இதற்கு ஆணை எங்கே என்று கேட்டார்கள். பயிற்சித் திட்டத்தின் கடிதத்தைக் காட்டினார். அதில் திட்டத்தின் பெயர் இருந்ததே தவிர, நூல்களை வெளியே அனுப்பலாம் என்ற ஒரு வரி இல்லை. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. தம் வார விடுமுறை நாளில் இருசக்கர வாகனத்தின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவரே நூல்களைத் திருப்பி எடுத்து வந்தார். அவற்றுள் இரண்டு நூல்கள் அந்த ஊர் வாசகர்களின் வீட்டில் இருந்தன, அதாவது, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கோப்பை மூடுவதற்காக அந்த இரண்டின் விலையையும் அவர் தம் கைப்பணத்திலிருந்து கட்டினார். அடுத்த மாதமே இரண்டும் திரும்பி வந்து அடுக்கில் ஏறிவிட்டன. கட்டிய பணம் திரும்பவில்லை. தொகை சிறியதுதான், ஆனால் தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள வாருங்கள் என்று அழைக்கப்பட்ட ஒருவர், அதற்கான அபராதத்தையும் செலுத்திவிட்டு, நிறைவு விழாவில் எல்லோரோடும் சேர்ந்து புகைப்படத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றார் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

நூல் தொலைந்தால் நூலகரே பொறுப்பு என்ற அச்சம் நம் தொழிலில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பது தங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த அச்சத்தால்தான் எத்தனையோ நல்ல நூல்கள் பூட்டிய அலமாரிக்குள்ளேயே மூப்படைகின்றன. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில், 215-ஆம் விதி இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. ஓர் ஆண்டில் இரவல் தரப்பட்டும் நூலகத்திலேயே எடுத்துப் படிக்கப்பட்டும் புழங்கிய நூல்களில், ஆயிரத்துக்கு ஐந்து என்ற அளவிலான இழப்பை, நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை, இயல்பானதாகக் கொள்ளலாம் என்று அது சொல்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூல்களும் அரிய நூல்களும் தொலைந்தால் விசாரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த விதி மத்திய அரசு அலுவலகங்களுக்கானது, நம் ஊர்ப்புற நூலகங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பதை அறிவோம். புழங்கும் நூல் சில வேளைகளில் தொலையும் என்பதை ஓர் அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கும்போது, தொலையாத நூலுக்கு நாம் ஏன் பணம் கட்டுகிறோம் என்பதுதான் எங்கள் கேள்வி. அறிக்கையில் நாங்கள் கேட்டது நிதியன்று, புதிய பணியிடமன்று. சுழற்சியில் உள்ள நூல்களுக்குச் சரிபார்ப்புப் படிவத்தில் ஒரு கட்டமும், அதை அனுமதிக்கும் ஒரு பக்கச் சுற்றறிக்கையுமே. சுற்றறிக்கை பிறப்பிக்கும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்த அதிகாரம் உள்ள மேசைக்கு எங்கள் அறிக்கையை அனுப்பி, அங்கிருந்து ஒரு பதிலைப் பெற்றுத் தரும் கடமை தங்களுக்கு இருந்தது.

குழுத் திட்டம் என்ற பயிற்சி முறையை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் 2007-ஆம் ஆண்டு முதல் தொழிலுக்குப் புதியவர்களைத் தேர்ந்தெடுத்து, சிறு குழுக்களாகப் பிரித்து, ஆண்டு மாநாட்டில் விளக்கப் பலகைகளோடு நிறுத்துகிறது. நம் திட்டத்தின் வடிவமும் அதையே பின்பற்றியது என்று தொடக்க விழாவில் சொன்னீர்கள். அங்கே திட்டத் தலைப்புகளைக் கொடுப்பவை அச்சங்கத்தின் பிரிவுகள், வட்டமேசைக் குழுக்கள் போன்ற அமைப்புகளே என்பதைத்தான் சொல்லாமல் விட்டீர்கள். ஒரு வேலையைக் கேட்ட பிரிவு ஒன்று இருந்தால், அது முடிந்ததும் வாங்கிக்கொள்ளவும் ஒரு கை இருக்கும். நம் பட்டியலில் உள்ள தலைப்புகளை யார் கேட்டார்கள்? கேட்டவர் இல்லாததால்தான் பெற்றுக்கொள்பவரும் இல்லாமல் போகிறார்.

ரங்கநாதன் தில்லியில் இருந்த காலத்தில், நூலக ஆய்வு வட்டம் என்று இளையவர்களைக் கூட்டி வைத்து, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பகுப்பு முறையின் சிக்கல்களை அவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார். 1952-இல் லண்டனில் விக்கரி, ஃபாஸ்கெட், மில்ஸ், வெல்ஸ் போன்ற நூலகர்கள் சேர்ந்து தொடங்கிய பகுப்பு முறை ஆய்வுக் குழுவும் அவருடைய சிந்தனையின் தாக்கத்தில் வளர்ந்ததே. அந்தக் குழுக்களில் ஒருவர் முன்வைத்த கருத்தை மற்றவர் மறுத்தார், திருத்தினார், அல்லது எடுத்தாண்டார். மறுப்பும் ஒரு பதில்தான். எங்களுக்கு அந்த மறுப்புகூடக் கிடைக்கவில்லை.

நீங்கள் நடத்திய வகுப்புகளை நினைத்துப் பார்க்கிறேன். தலைவருக்குரிய குணங்களைப் பற்றிப் பல உரைகள் கேட்டோம். பழைய செய்தித்தாளைக் கொண்டு எந்தக் குழு உயரமான கோபுரம் கட்டுகிறது என்ற போட்டியிலும் கலந்துகொண்டோம். எங்கள் கோபுரம் இரண்டாம் இடம் பெற்றது. நூலகத்தில் பழைய செய்தித்தாளை எடைக்குப் போடுவதற்கே அனுமதியும் ரசீதும் வேண்டியிருக்க, அன்று அவ்வளவு காகிதத்தைத் தாராளமாகக் கிழித்தது மனத்துக்கு ஒருவகை விடுதலையாகவே இருந்தது. அந்த மகிழ்ச்சிக்கு நன்றி. ஆனால் எங்களில் பெரும்பாலோர் ஒற்றை ஆளாக நூலகம் நடத்துபவர்கள். நாங்கள் பயிற்சிக்கு வந்த நாள்களில் எங்கள் நூலகங்கள் பூட்டிக் கிடந்தன. காலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் வாசற்படியிலேயே உட்கார்ந்து, தாங்கள் கொண்டுவந்த குறிப்பேட்டைப் படித்துவிட்டுப் போனார்கள். மாற்று ஆள் கேட்டோம், பார்க்கலாம் என்றார்கள். சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து காசு வீதம் நூலக வரியை மக்கள் கட்டுகிறார்கள். வசூலித்த தொகையை உள்ளாட்சிகள் நிலுவை வைத்திருப்பதாகச் செய்தி வருவதும் ஓயவில்லை. ஆண்டுதோறும் ரங்கநாதன் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12-ஆம் நாள் அவர் படத்துக்கு மாலை மட்டும் நிலுவையின்றிச் சேர்ந்துவிடுகிறது.

இவையெல்லாம் தங்கள் மேசையில் தீர்க்கக்கூடியவை அல்ல என்பதால் இத்தோடு நிறுத்திக்கொண்டு, தங்கள் மேசையில் தீர்க்கக்கூடிய ஒன்றுக்கே திரும்புகிறேன். எங்கள் அறிக்கைக்கு எழுத்தில் ஒரு பதில் வேண்டும்.

‘ஏற்கிறோம்’ என்பது பதிலானால், அடுத்த குழுவினரிடம் அந்த அறிக்கையைக் கொடுத்து, நாங்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். எங்கள் பட்டியல் படிவங்களையும் கைப்பிழைகளோடு கூடிய பதிவேட்டையும் கொடுத்து, நேரில் வந்து விளக்கவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். ‘ஏற்க இயலாது’ என்பது பதிலானால், எந்த விதி தடுக்கிறது என்பதைச் சொல்லுங்கள். தலைப்பைப் பட்டியலிலிருந்து நீக்கி, அந்த ஐவருடைய மாலைப் பொழுதுகளை வேறு வேலைக்கு விட்டுவிடலாம். இரண்டும் இல்லாமல் அவர்களைத் தொடங்க விடாதீர்கள். சுழற்சிக்கு அனுமதி எழுத்தில் வரும்வரை, அவர்களில் ஒருவரும் ஒரு நூலையும் தம் நூலகத்தைவிட்டு வெளியே அனுப்ப வேண்டாம் என்றாவது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தச் சகோதரி கட்டிய தொகையைத் திரும்பப் பெற்றுத் தருவதற்கு உரிய அலுவலகத்துக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுதினால், அவரும் நாங்களும் நன்றியுடையவர்களாக இருப்போம்.

புதிய அணியின் தொடக்கக் கூட்டத்துக்கு முன்பாகப் பதில் அளித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அறிக்கை தங்கள் அலுவலகத்தில் கிடைக்காமல் போயிருக்கக்கூடும் என்பதால், பின்னிணைப்புகளுடன் அதன் இன்னொரு நகலை இம்மடலோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்; பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டையில் கையொப்பமிடுபவர் தம் பெயரையும் தெளிவாக எழுதினால் நலம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முந்தைய அணியொன்றின் உறுப்பினர்,
கிளை நூலகர்