25 நாள் பயிற்சியில் 2 நாள் எங்களுக்கு: கல்லூரி ஃபுட்பால் அணிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (கால்பந்து அல்ல, பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்) அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களுக்கும் விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கும்,

வணக்கம். சீசன் டிக்கெட் வாங்குகிறவர்கள், முன்னாள் மாணவர்கள், பல்கலைக்கழகத்தைச் சுற்றியே வாழ்கிற ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. ஆகஸ்ட் பயிற்சி முகாமின் 25 நாளில் 2 நாள் கதவைத் திறந்து வையுங்கள். மற்ற 23 நாள் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றிச் சில வரி நேர்மையான தகவல் தாருங்கள். கேட்பது இவ்வளவுதான்.

தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ரசிகருக்கு சீசன் தொடங்குமுன் பார்க்க வெள்ளோட்ட ஆட்டங்கள் உண்டு. கல்லூரி அணிகளுக்கு அப்படி ஒன்றுகூட இல்லை. கொலராடோவும் சிரக்யூஸும் வசந்தகாலத்தில் சேர்ந்து ஒரு பயிற்சி ஆட்டம் ஆட 2025இல் அனுமதி கேட்டன, அதையும் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. மறுத்துவிட்டது. ஆக, முதல் ஆட்டத்துக்கு முந்தைய சில வாரமும் அதற்குள் அடங்கும் 25 பயிற்சிகளும்தான் எங்களுக்கு இருக்கும் முன்பருவம். அதையும் பூட்டிவிட்டால், வேறு கல்லூரியிலிருந்து வந்த புது குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) வலக்கையால் எறிவாரா இடக்கையால் எறிவாரா என்பதைக்கூட முதல் சனிக்கிழமைதான் நேரில் பார்க்க முடியும்.

பூட்டுவதற்கு நீங்கள் சொல்லும் காரணங்கள் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் அவற்றில் பாதி காலாவதியாகிவிட்டன.

முதல் காரணம், ஆள் பிடிப்பு. 2025இல் நெப்ராஸ்கா தன் பாரம்பரிய ஸ்பிரிங் கேமை (வசந்தகாலத்தில் அணி தனக்குள்ளேயே பிரிந்து ரசிகர் முன் ஆடும் ஆட்டம்) கைவிட்டபோது, தொலைக்காட்சியில் நன்றாக ஆடிய வீரர்களை மற்ற அணிகள் ஆசை காட்டி இழுக்கின்றன என்று பயிற்சியாளர் மாட் ரூல் வெளிப்படையாகவே சொன்னார். அன்றைக்கு அது நியாயம். ஏப்ரல் நடுவில் போர்ட்டல், அதாவது வீரர்கள் கல்லூரி மாறப் பதிவு செய்யும் வாசல், மறுபடி திறக்கும். ஸ்பிரிங் கேமுக்குச் சில நாளிலேயே வீரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். (டெக்சாஸும் அதே ஆண்டு ரத்து செய்தது, அவர்கள் முந்தைய சீசனில் 16 ஆட்டம் ஆடியிருந்தார்கள் என்பதால் களைப்பு என்ற காரணத்தையாவது ஏற்றுக்கொள்ளலாம்.) ஆனால் அந்த ஏப்ரல் வாசலை என்.சி.ஏ.ஏ. 2025இல் எடுத்துவிட்டது. இப்போது இருப்பது ஜனவரியில் ஒரே ஒரு வாசல்; 2026இல் அது ஜனவரி 2 முதல் 16 வரை. ஆகஸ்டில் ஒரு ரிசீவர் அருமையாகப் பந்து பிடிப்பதை ஊரே பார்த்தாலும், பொதுவாக அவரால் அந்த சீசனில் வேறு அணிக்குப் போய் ஆட முடியாது.

இரண்டாவது, சைகைத் திருட்டு: பயிற்சியாளர் ஓரத்திலிருந்து வீரர்களுக்குக் காட்டும் கைச்சைகையை எதிரணி படித்துவிடுவது. 2023இல் மிச்சிகன் விவகாரம் வெடித்ததிலிருந்து எல்லோரும் இதையே சொல்கிறீர்கள். அங்கே படம்பிடிக்கப்பட்டது பயிற்சி அல்லவே! நிறைந்த ஸ்டேடியத்தில், டிக்கெட் வாங்கி உட்கார்ந்த ஆட்கள், நடந்துகொண்டிருந்த ஆட்டத்தில் பயிற்சியாளர்கள் காட்டிய சைகைகளைப் படமெடுத்தார்கள். ஆகஸ்டில் கதவைப் பூட்டியிருந்தாலும் அது நடந்திருக்கும். மேலும் 2024 முதல் எஃப்.பி.எஸ். (கல்லூரி ஃபுட்பாலின் மேல்தட்டு) அணிகள் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் வானொலி வைத்துப் பேச விதி இடம் கொடுக்கிறது. அடுத்த ஆட்டநகர்வைத் தொடங்க ஓடும் பிளே கிளாக்கில் 15 வினாடி மிச்சமிருக்கும்போதோ பந்து ஸ்னாப் ஆகும்போதோ (பின்னால் எறியப்பட்டு நகர்வு தொடங்கும்போதோ), எது முதலோ அப்போது அது அணைந்துவிடும். காதுக்குள் பேச வழி வந்த பிறகும் கைச்சைகையைக் காரணம் காட்டுவது பொருந்தவில்லை.

மூன்றாவது, சூதாட்டம். இதை மட்டும் லேசாக ஒதுக்க மாட்டோம். 2018 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மாநிலம் மாநிலமாகப் பந்தயம் சட்டபூர்வமானது. யாருக்கு முழங்கால் பிசகியது என்ற தகவலுக்குப் பண மதிப்பு உண்டு. ஆனால் கதவை மூடினால் தகவல் நின்றுவிடாது. உள்ளே இருக்கும் மாணவ உதவியாளரையும் வீரரின் அறைத் தோழரையும் தேடிப் பந்தயக்காரர்கள் போவார்கள். இதற்கு மருந்து எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே தகவலைக் கொடுப்பது. அதைப் பற்றிக் கீழே வருகிறோம்.

இனி, எந்த 2 நாள்?

ஸ்க்ரிம்மேஜ், அதாவது அணி தனக்குள்ளேயே பிரிந்து ஆடும் முழு மோதல் ஆட்டம், வேண்டாம். ரசிகர்கள் இப்படிச் சொல்வது விசித்திரமாக இருக்கலாம், ஆனால் காரணம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஜாமா நியூராலஜி மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 6 கல்லூரி அணிகளை 2015 முதல் 2019 வரை பின்தொடர்ந்தது. தலையதிர்ச்சிகளில் 72 சதவீதம் பயிற்சியில் ஏற்பட்டவை. மொத்த சீசனில் ஐந்தில் ஒரு பங்கு காலமே வரும் முன்பருவத்தில் கிட்டத்தட்ட பாதி ஏற்பட்டிருந்தது. அதன் பிறகுதான் இப்போதைய கணக்கு வந்தது: 25 பயிற்சியில் சில வெறும் ஹெல்மெட்டோடு, சில ஹெல்மெட்டும் தோள் பேடுமாக, மிச்சம் மட்டும் முழு உடுப்பில். முழு உடுப்பு நாளிலும் ஆளைத் தரையில் சாய்க்கும் டாக்கிளுக்கு 75 நிமிடமே வரம்பு. அப்படிப்பட்ட நாள்கள் தொடர்ச்சியாக இரண்டுக்கு மேல் வரக்கூடாது. ஸ்க்ரிம்மேஜ் இரண்டுக்கு மேல் கூடாது. இரண்டு பேரை நேருக்கு நேர் மோதவிட்டுச் சுற்றி நின்று கத்தும் ஓக்லஹோமா டிரில் அதோடு ஒழிந்தது. கூட்டம் கைதட்டினால் 19 வயதுப் பையன் இன்னும் வேகமாக மோதுவான். அந்த நாளுக்கு எங்களை அழைக்காதீர்கள்.

முழு மோதல் இல்லாத நாள்களிலிருந்து இரண்டைத் தாருங்கள். முதலாவது, உடம்பு வெயிலுக்குப் பழகும் முதல் 7 நாளுக்குள், ஹெல்மெட் மட்டும் போடும் நாள். அன்றைக்குப் போடுவது அடிப்படைப் பிளேக்கள் (முன்கூட்டியே வகுத்த ஆட்டநகர்வுகள்). உங்கள் எதிரணிகள் போன வருட வீடியோவிலேயே பார்த்து முடித்தவை. இரண்டாவது, 10ஆம் பயிற்சியை ஒட்டி, தோள் பேட் போடும் நாள். மூன்றாம் வாரத்திலிருந்து முதல் எதிரணிக்கான திட்டம் உள்ளே வந்துவிடும். அதன் பிறகு பூட்டிக்கொள்ளுங்கள், கேட்க மாட்டோம்.

வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்ற கவலை இருந்தால், விவரம் தெரிந்த ரசிகர் பார்ப்பது இதைத்தான். தாக்குதல் வரிசையின் 5 பேரில் முதல் அணியோடு யார் முதலில் போய் நிற்கிறார்கள், வலது டாக்கிள் எனப்படும் வலது ஓர இடத்தில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறதா. வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் பின்னால் எறியும் பந்து குவார்ட்டர்பேக்கின் மார்புக்கு வருகிறதா, முழங்காலுக்கா. குனிந்து பிடிக்க வேண்டியிருந்தால் பாஸ் திட்டம் முழுவதும் அரை வினாடி தாமதமாகும். கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்ட் கோலை எவ்வளவு தூரத்திலிருந்து உதைக்கிறார்கள் (பந்து வைக்கப்பட்ட கோட்டோடு 17 யார்டு கூட்டிக்கொண்டால் தூரம் வந்துவிடும்). ஸ்னாப்பிலிருந்து உதை வரை 1.3 வினாடிக்குள் முடிகிறதா. பன்ட் பந்து (எதிரணிக்கு விட்டுக்கொடுத்துத் தூரமாக உதைப்பது) காற்றில் 4 வினாடியைத் தாண்டுகிறதா. காயத்தால் ஒதுங்கி, ஓரத்தில் நிற்கும் சைக்கிளை மிதித்துக்கொண்டிருப்பவர் யார். 2024இல் டப்ளினில் ஃப்ளோரிடா ஸ்டேட் 24க்கு 21 என்று ஜார்ஜியா டெக்கிடம் தோற்றது கடைசி வினாடியில் 44 யார்டிலிருந்து உதைக்கப்பட்ட பந்தில். உதைப்பவரைப் பார்க்க ஆகஸ்டில் வருவது வீண் வேலை அல்ல. முன்பருவத் தரவரிசையில் 10ஆம் இடத்தில் இருந்த அந்த ஃப்ளோரிடா ஸ்டேட் சீசனை 2 வெற்றி, 10 தோல்வி என்று முடித்தது. தரவரிசையை நம்பி முன்பருவத்தைப் பின்தொடர்வதில் பலன் குறைவு என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

ஸ்க்ரிம்மேஜ் எண்களையும் வெளியிடாதீர்கள். வெளியிட்டால் முழுதாக வெளியிடுங்கள். குவார்ட்டர்பேக்கைத் தொடக்கூடாது என்பதால் பக்கத்தில் ஆள் வந்ததுமே விசில் ஊதி அதை சாக் (எறியுமுன் குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவது) என்று எழுதுகிறீர்கள். அசல் ஆட்டத்தில் அவர் தப்பி ஓடியிருக்கலாம். சில தொடர்கள் எதிரணியின் 25 யார்டிலிருந்தே தொடங்குகின்றன. இதெல்லாம் தெரியாமல் "3 டச்டவுன் பாஸ்" என்ற ஒரு வரி வெளியே வந்தால் ஊர் முழுக்கத் தலைகால் புரியாமல் ஆடும். அந்த 3 டச்டவுனும் நம் சொந்தத் தடுப்பாட்டக்காரர்கள் மேல்தான் போடப்பட்டன என்பதை யாரும் நினைப்பதில்லை.

கதவு திறக்கும் நாளில் செய்ய வேண்டியவை சின்னவை, ஆனால் தவறினால் நாளே கெடும். எண் வரிசைப்படி ஒரே தாளில் வீரர் பட்டியல்: எண், பெயர், இடம், உயரம், எடை, முந்தைய கல்லூரி. ஒரே எண்ணை இரண்டு பேர் போட விதியில் இடம் இருக்கிறது. 2020இலிருந்து 0 எண்ணும் உண்டு. பெயர் இல்லாத பயிற்சிச் சட்டையில் 7ஆம் எண் ஓடினால், தாக்குபவரா தடுப்பவரா என்பதைச் சட்டை நிறம்தான் சொல்ல வேண்டும். மோதக்கூடாதவர் அணியும் சட்டை எந்த நிறம் என்பதையும் அதே தாளில் போட்டுவிடுங்கள். வீடியோ எடுக்கக் கூடாதென்றால் வாசலிலேயே சொல்லுங்கள்; முழு அணி ஆடும் பகுதிக்கு மட்டும் தடை வைத்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

பிறகு வெயில். தெற்கு மாநிலங்களில் ஆகஸ்ட் காலை 10 மணிக்கு அலுமினியப் பெஞ்சில் உட்கார முடியாது. காலை 7 மணிக்குத் தொடங்கும் பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள். நிழலுள்ள பக்கத்தை மட்டும் திறங்கள். தண்ணீர் பாட்டிலை உள்ளே விடுங்கள். வீரர்களுக்கு ஐஸ் தண்ணீர்த் தொட்டி தயாராக இருக்கும் இடத்தில், பார்வையாளருக்கும் ஒரு முதலுதவி மேசை வேண்டும். இடி கேட்டால் கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் மைதானம் காலியாக இருக்க வேண்டும். அந்த நேரம் ஜனங்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். உள்ளரங்கத்துக்கு மாற்றினால் எங்களுக்கு அங்கே இடம் இருக்காது, புரிகிறது. அதைக் காலை 5 மணிக்குள் அறிவியுங்கள். 2 மணி நேரம் வண்டி ஓட்டி வந்தபின் வாசலில் ஒட்டிய காகிதத்தைப் படிக்க வைக்காதீர்கள்.

தகவல் விஷயத்தில் மூன்று கோரிக்கைகள்.

கல்லூரி அணிகள் தங்களுக்குள் ஆடும் குழுக்களில் (கான்ஃபரன்ஸ்) ஒன்றான எஸ்.இ.சி. 2024 முதல் தங்கள் குழுவுக்குள் நடக்கும் ஆட்டங்களுக்கு யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்ற பட்டியலைப் புதன், வியாழன், வெள்ளி இரவுகளிலும் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பும் வெளியிடுகிறது. இன்னொரு குழுவான பிக் டென் 2023லேயே ஆட்டத்துக்கு 2 மணி நேரம் முன்பு வெளியிடும் முறையைத் தொடங்கிவிட்டது. ஆனால் எஸ்.இ.சி. விதி குழுவுக்கு வெளியே உள்ள அணியோடு ஆடும் ஆட்டங்களைத் தொடுவதில்லை. சீசனின் முதல் ஆட்டம் பெரும்பாலும் அதுதான். முதல் ஆட்டத்துக்கும், எல்லாக் குழுக்களிலும், அதே பட்டியலை அந்தப் புதன்கிழமையே கொடுங்கள். காயம் எந்த இடத்தில், என்ன காயம் என்று கேட்கவில்லை. அது அந்தப் பையனின் சொந்த விஷயம். ஆடுவார், சந்தேகம், ஆடமாட்டார் என்ற மூன்று சொல் போதும்.

அடுத்து டெப்த் சார்ட், அதாவது ஒவ்வோர் இடத்துக்கும் முதல் ஆள் யார், மாற்று யார் என்ற பட்டியல். 22 இடத்தில் 9 இடத்துக்கு இவர் "அல்லது" அவர் என்று போட்டு, அதை முதல் ஆட்டத்துக்கு 4 நாள் முன்பு வெளியிடுவது கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருக்கிற வேலை. "அல்லது" வேண்டுமானால் 3 இடத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். முடியாதென்றால் வெளியிடவே வேண்டாம். வெற்றுத் தாளை அறிவிப்பு என்று தராதீர்கள்.

மூன்றாவது, 25 நாளும் எந்த உடுப்பில் நடந்தது என்பதை ஒரு வரியில் பதிவு செய்யுங்கள்: ஹெல்மெட், தோள் பேட், முழு உடுப்பு, டாக்கிள் எத்தனை நிமிடம். இதில் எதிரணிக்கு உதவும் ரகசியம் எதுவும் இல்லை. உடுப்புக் கணக்கும் 75 நிமிட வரம்பும் உண்மையிலேயே காக்கப்படுகின்றனவா என்பதை வீரர்களின் பெற்றோர் முதலில் பார்ப்பார்கள், பிறகு நாங்கள்.

திறந்த நாள்களின் தேதியை ஜூலையில் குழுக்களின் ஊடக நாள்கள் நடக்கும்போதே அறிவித்துவிட்டால், விடுப்புக் கேட்கவும் தங்குமிடம் பார்க்கவும் எங்களுக்கு அவகாசம் இருக்கும். நுழைவு இலவசமாக இருந்தால் நல்லது. கட்டணம் வைத்தே ஆக வேண்டுமென்றால், வாகன நிறுத்தத்துக்கு மட்டும் வையுங்கள். சீசன் டிக்கெட்டுக்கு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

இப்படிக்கு,
முதல் சனிக்கிழமைக்குக் காத்திருக்கும் ரசிகர்கள்