கல்நார்த் தூசிக்குப் பலியானவர்களின் இழப்பீடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியைச் சுவாசித்து, நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா புற்றுநோய்க்கு ஆளான முன்னாள் வீரர்கள், அரசின் மாத இழப்பீட்டோடு, அப்பொருளைத் தயாரித்த நிறுவனங்கள்மீது வழக்கும் தொடரலாம். டர்பன் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்த்த என் தந்தையாருக்கு அதே நோய் வந்தபோது, எங்களுக்கு வழிகாட்ட ஒருவரும் இல்லை. மாலையில் அம்மா கொல்லையில் உதறிய அவருடைய சட்டையிலிருந்து பறந்த வெண்தூசி, நாற்பது ஆண்டுகள் கழித்தே நோயாக வெளிப்பட்டது. நம் தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமோ நோய் தொடங்கியதிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. வேலை கொடுத்தவர்மீது வழக்குத் தொடரவும் இடம் தருவதில்லை. சுரங்கத் தொழிலாளர்களுக்காக 2003இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது, அது நல்ல செய்தியே. கப்பல் பட்டறையில் உழைத்த நம்மவர்களுக்கு, நோயைத் தெரிவிப்பதற்கான காலவரம்பை அரசு தளர்த்த வேண்டும். மருத்துவர்கள் நோயாளியின் பழைய வேலையை முதலிலேயே கேட்டுக் குறிக்க வேண்டும்.

தங்கள் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்