புரூட்டஸிடம் ஆதாரம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், சீசர் கொல்லப்பட்டதும் ரோம் மக்கள் முன்னால் கொலையாளிகளில் ஒருவனான புரூட்டஸும் சீசரின் நண்பன் ஆண்டனியும் ஆற்றும் இரண்டு உரைகளை ஒப்பிட்டு, சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புரூட்டஸ் அறிவைத் தொட்டுப் பேசினான், ஆண்டனி உணர்ச்சியைக் கிளப்பினான் என்று முடித்திருந்தார்கள். நானும் பரீட்சையில் இதையே எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். ஆனால் மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியை மறுபடி எடுத்துப் படித்தால், விஷயம் ஏறக்குறைய தலைகீழாக இருக்கிறது.

சீசருக்குப் பேராசை, அதனால் கொன்றேன் என்கிறான் புரூட்டஸ். சரி, என்ன பேராசை? எதில் தெரிந்தது? ஓர் உதாரணம்கூட இல்லை. விவரம் கேபிடலில், அதாவது அரசு மன்றத்தில், பதிவாகியிருக்கிறது என்று தாண்டிப் போய்விடுகிறான். என் கௌரவத்தை எண்ணி என்னை நம்புங்கள் என்பதுதான் அவன் கேட்பது. வாக்கியங்கள் தராசில் வைத்த மாதிரி சமமாக நிற்பதால் தர்க்கம் போலக் காதில் விழுகிறது, அவ்வளவுதான். கேட்டவர்களுக்கு என்ன புரிந்தது என்று பாருங்கள்: ‘இவனையே சீசராக்குவோம்’ என்று ஒருவன் கத்துகிறான்!

ஆதாரம் கொண்டுவருகிறவன் ஆண்டனி. சீசர் பிடித்துவந்த கைதிகளை விடுவிக்க வந்த பணம் பொதுக் கருவூலத்துக்குப் போனது, ஏழைகள் அழுதபோது சீசரும் அழுதான், லூப்பர்கல் திருவிழாவில் மூன்று முறை நீட்டிய மகுடத்தை மூன்று முறையும் மறுத்தான். கடைசியில் சொன்னது கூட்டம் கண்ணால் பார்த்தது. அந்த மறுப்பே நடிப்பு என்று முதல் அங்கத்தில், பின்னால் கொலையாளிகளில் ஒருவனாகும் காஸ்கா கிண்டலடிக்கிறான். அதை எடுத்துச் சொல்ல இப்போது புரூட்டஸ் அங்கே இல்லை. மேடையை எதிராளியிடம் கொடுத்துவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போய்விட்டான்.

இருவரும் நடுவில் பேச்சை நிறுத்துகிறார்கள். கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை. ‘அடிமையாக இருக்க விரும்பும் ஈனன் யாராவது இருந்தால் சொல்லட்டும், பதிலுக்குக் காத்திருக்கிறேன்’ என்று நிறுத்துகிறான் புரூட்டஸ். அதற்கு எவன் கை தூக்குவான்? ஆண்டனி எந்தப் பதிலும் கேட்பதில்லை. என் இதயம் சீசரோடு சவப்பெட்டியில் கிடக்கிறது, அது திரும்பி வரட்டும் என்று மௌனமாகிறான். அந்த இடைவெளியில் ஜனங்கள் தங்களுக்குள் பேச ஆரம்பிக்கிறார்கள். அதில் முதல் ஆள் சொல்வது, ‘இவன் பேச்சில் நிறைய நியாயம் இருக்கிறது’ என்பது. கண்ணீரைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான் வருகிறது.

இதற்காக ஆண்டனி யோக்கியன் என்று நான் சொல்லவரவில்லை. சீசரின் மேலங்கியைத் தூக்கிப் பிடித்து, சதிகாரன் காஸியஸின் கத்தி நுழைந்தது இங்கே, புரூட்டஸ் குத்தியது இங்கே என்று ஓட்டை ஓட்டையாகக் காட்டுகிறானே, கொலை நடந்தபோது அவன் அங்கே இருந்தானா? சதிகாரர்களில் ஒருவனான ட்ரெபோனியஸ் முன்னாலேயே அவனை வெளியே நகர்த்திவிட்டான். எந்த ஓட்டை யாருடையது என்பது அவனுக்குத் தெரிய வழியில்லை. கூட்டத்தில் ஒருவனும் கேட்கவில்லை. நானும் இத்தனை நாள் கேட்கவில்லை.

கடைசியில் ரோமானியர் ஆளுக்கு 75 திராக்மா (அந்தக் கால வெள்ளிக்காசு) என்று சீசரின் உயிலைப் படித்துக் காட்டி ரோமைக் கொதிக்கவிடுகிறான். நான்காம் அங்கம் தொடங்கியதும் அதே ஆண்டனி, அந்த உயிலை எடுத்துவரச் சொல்லி தன் கூட்டாளி லெபிடஸை அனுப்புகிறான், கொடுக்க வேண்டியதில் எதை வெட்டலாம் என்று பார்க்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்