மல்லிகாவுக்கு, ஒரு ‘என்று’ பற்றி

உதகை
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

வளைகாப்புக்கும் வரவில்லை, அப்புறம் ஒரு போன்கூடச் செய்யவில்லை. கோபமாக இருப்பாய். நேரில் வரும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். மகள் எப்படி இருக்கிறாள்? பிரசவத்துக்கு உன்னிடம்தானே வருகிறாள்? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி, பனி இறங்கினால் கூடிவிடுகிறது. மற்றபடி சுகம்.

உடனே உன்னிடம் சொல்லியாக வேண்டிய விஷயம் ஒன்று நடந்துவிட்டது. ஹாஸ்டல் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே தொல்காப்பிய இடையியல் மனப்பாடம் செய்வாயே! “என்றென் கிளவியும்” என்று நீ தொடங்கினாலே நானும் சரளாவும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோமே! அந்த ‘என்று’ இத்தனை வருஷம் கழித்து என் வகுப்பில் வந்து நிற்கிறதடி.

முதலாமாண்டு பி.காம். பிள்ளைகள். பகுதி இரண்டு ஆங்கிலத்தில் “மறக்க முடியாத மனிதர்” என்று கட்டுரை கொடுத்திருந்தேன். பந்தலூர் பக்கத்துப் பெண் ஒருத்தி, டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவள், பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்திருக்கிறார்கள். கட்டுரையின் நடுவில் இப்படி இருந்தது: “வீ வில் கோ டு இண்டியா லைக் தட் கிராண்ட்ஃபாதர் டோல்ட். ஹூ ஈஸ் தேர் ஃபார் அஸ் லைக் தட் கிராண்ட்மதர் ஆஸ்க்ட்.”

ஒன்றரைப் பக்கத்தில் ஏழு ‘லைக் தட்’. ஏழையும் சிவப்பு மையால் சுழித்துப் பத்துக்கு மூன்று போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் நோட்டோடு நின்றாள். மார்க் கேட்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். “மேம், லைக் தட்டை எடுத்துட்டா, பாட்டி கேட்டதை நானே கேட்ட மாதிரி ஆயிடாதா?” என்றாள். மல்லிகா, எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வாயில் சொல்லிப் பார். “அங்க நமக்கு யாரு இருக்கா அப்படீன்னு பாட்டி கேட்டாங்க.” அந்த ‘அப்படீன்னு’ எங்கே வருமோ அதே இடத்தில்தான் ஏழு தடவையும் ‘லைக் தட்’ போட்டிருக்கிறாள், ஒரு இடம் பிசகவில்லை. அது பாட்டியின் பேச்சு, தன்னுடையதல்ல என்று வேலி போட்டிருக்கிறாள். அந்த வேலிக்கு ஆங்கிலத்தில் மேற்கோள் குறி என்று பெயர், அதை இப்படிப் போட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்பிலிருந்து நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்று என்று பிள்ளைகளை வதைக்கிறோம். ‘ஐ’ எதற்காக ‘ஹீ’ ஆகிறது? சொன்னவர் நின்ற இடத்தை விட்டுவிட்டு, கேட்டு வந்து சொல்கிறவர் இடத்திலிருந்து வாக்கியத்தைக் கட்டுகிறார்கள், அதனால். தமிழில் பெரும்பாலும் நாம் அப்படி இடம் மாறுவதில்லை. பேசியவர் வார்த்தையை அப்படியே வைத்து ‘என்று’ போட்டு மூடிவிடுகிறோம். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் ஒப்பிக்க வைத்தால் என்ன பலன்? அடுத்த வகுப்பில் கரும்பலகையில் மேலே தமிழ் வாக்கியத்தை எழுதி ‘என்று’வைச் சுற்றி வட்டம் போட்டேன். கீழே ஆங்கிலம், இரண்டு பக்கமும் மேற்கோள் குறி. தமிழில் மூடத்தான் கதவு உண்டு, இங்கே திறக்கவும் ஒன்று வேண்டும் என்றேன். எப்போதும் கடைசி பெஞ்சில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பையன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இதில் புதிதாக எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. ஒருவன் விதி தெரிந்திருந்தும் கவனம் பிசகிச் சறுக்குவது வேறு, தனக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டு அதன்படி மாறாமல் தவறுவது வேறு என்று மொழியியல் அறிஞர் பிட் கார்டர் 1967-லேயே எழுதிவிட்டார். நியூயார்க்கில் 1970-ல், பள்ளிப்படிப்பு முடித்த நகரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரிகளின் கதவைத் திறந்துவிட்டார்கள். எழுதத் தெரியாத கூட்டம் வந்துவிட்டது என்று பலர் தலையில் அடித்துக்கொண்டபோது, மினா ஷானெஸி என்ற ஆசிரியை அந்தப் பிள்ளைகளின் கட்டுரைகள் 4000 வரை உட்கார்ந்து படித்தார். பிழைகளுக்குள் காரணம் இருக்கிறது, இவர்கள் மக்குகள் அல்ல, எழுத்துக்குப் புதியவர்கள் என்று 1977-ல் புத்தகமாகவே எழுதினார். இதையெல்லாம் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படித்து, பாஸும் செய்து, வகுப்பில் வந்து சிவப்புப் பேனாவைத்தான் எடுத்திருக்கிறேன். அதுதான் நெஞ்சில் குத்துகிறது.

திருத்தவே கூடாது என்று சொல்லவில்லை. இலக்கணத் திருத்தமே பயனற்றது என்று ட்ரஸ்காட் என்ற ஆய்வாளர் 1996-ல் வாதாடினார், அதுவரைக்கும் நான் போக மாட்டேன். அந்தப் பெண் நாளைக்கு வேலைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும், ‘லைக் தட்’டோடு அனுப்ப முடியாது. என்ன சொல்ல வந்தாள் என்று கேட்டுவிட்டுத் திருத்த வேண்டும், அவ்வளவுதான்.

என் ஆய்வு வழிகாட்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “ஒரு பொண்ணோட நோட்டு ஆராய்ச்சி ஆகாதும்மா. இருநூறு பேர்கிட்ட கட்டுரை வாங்குங்க, டென்ஸ் எத்தனை சதவீதம், ஆர்ட்டிகிள் எத்தனை சதவீதம்னு டேபிள் போடுங்க” என்றார். இருநூறு பேரிடம் வாங்கத் தயார். எண்ணிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை, ஷானெஸி படித்தது 4000 அல்லவா? ஆனால் அந்த டேபிளில் இந்த ஏழு ‘லைக் தட்’டும் ‘பிற பிழைகள்’ என்ற கட்டத்துக்குள் போய்விடும். அவள் கேட்ட கேள்வி எந்தக் கட்டத்துக்குள் போகும்? இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை. இந்தத் தலைப்பை விடுவதாக இல்லை, தீசிஸ் ஒரு வருஷம் தள்ளிப்போனாலும் சரி.

நேற்று மழையில் நீலகிரி நூலகத்துப் பக்கம் நடந்து வந்தபோது மெக்காலே ஞாபகம். 1834-ல் சென்னையில் இறங்கிய கையோடு பல்லக்கில் ஏறி இந்த ஊட்டிக்குத்தான் வந்தார், கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் இங்கே இருந்ததால். மறு வருஷம் பிப்ரவரி 2-ம் தேதி, இங்கே ஆங்கிலக் கல்விதான் வேண்டும் என்ற அந்தக் கல்விக் குறிப்பை எழுதினார். தனக்குச் சமஸ்கிருதமும் தெரியாது, அரபியும் தெரியாது என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார், அப்புறமும் தீர்ப்புச் சொல்கிறார். எனக்குத் தமிழ் தெரியும், மல்லிகா. தாய்மொழி. அந்தப் பெண்ணின் ஆங்கிலத்துக்குள் அது பேசியது எனக்குக் கேட்கவில்லை.

இப்போது உன் உதவி வேண்டும். ‘என’, ‘என்று’ இரண்டுக்கும் தொல்காப்பியச் சேனாவரையர் உரையில் உள்ள பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. கூடவே உனக்குத் தோன்றுவதையும் எழுது, அச்சில் இருப்பதைவிட எனக்கு அதுதான் முக்கியம். நீ சொல்வதை உன் பெயர் போட்டே அத்தியாயத்தில் சேர்ப்பேன். மொட்டைமாடியில் ஓடியதற்கு இப்போது உட்கார்ந்து கேட்கிறேன்.

வரும் சனிக்கிழமை கூடலூர் பஸ் பிடித்துப் பந்தலூர் போகிறேன். அந்தப் பெண் பாட்டிக்குக் கட்டுரையைத் தமிழில் வாசித்துக் காட்டினாளாம், “தாத்தா அப்படிச் சொல்லல, வேற மாதிரி சொன்னாரு” என்று பாட்டி திருத்தினாராம். என்ன சொன்னார் என்று நேரில் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடு. சரளா நம்பர் மாறிவிட்டதா? பழைய நம்பர் எடுக்கவே இல்லை.

அன்புடன்,
சாந்தி